மலை நிழல் கிணற்றைத் தொடும் நேரம்

ஐப்பசி 2, திங்கள்

காலையில் தூறல். உலர்த்தின உளுந்தை உள்ளே வாரிப் போட்டாகிவிட்டது. எட்டு மணிக்குப் போன கரண்ட் சமையல் முடிகிற வரைக்கும் வரவில்லை.

செய்ய வேண்டியது: கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய். அவலூர்பேட்டை சந்தைக்கு யாராவது போனால் மொச்சை. பக்கத்து வீட்டுக் காதர் பாயிடம் மதில் சங்கதி. அரை முழம் எங்கள் பக்கம் தள்ளிக் கட்டினவர். அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

எழுதுவது விமலா கழித்துப் போட்ட தாளின் முதுகில். இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, மடித்து மடித்து ஒரே நீளம். நாளைக்கு யாராவது நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தால் எனக்கு ஒரு கையிருப்பு வேண்டும். மூன்றாம் கிளாஸ் வரைக்கும் படித்த எழுத்து. எனக்குப் புரிந்தால் போதும்.

விமலா வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இனி வி. என்று எழுதினால் போதும். என் பேரன் தரணியின் பெண்டாட்டி. தரணி போன பங்குனியில் திண்டிவனம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அவன் அம்மா பிரசவத்திலேயே கண் மூடியதால் அவனை வளர்த்தது நான்தான். அவன் அப்பன், என் வயிற்றில் பிறந்தவன், ஆரணியில் இரண்டாம் சம்சாரத்தோடு. காரியத்துக்கு வந்து மதியமே பஸ் ஏறினான். அதுவும் மறக்கவில்லை.

வி. தனியாக வரவில்லை. டாக்சியில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். டெலிவிஷன் மாதிரி ஒன்று, அதன் கீழே இரும்புப் பெட்டி, அச்சடிக்க ஒன்று, கரண்ட் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒன்று. எல்லாம் தரணியின் அறையில். நாற்காலியும் அவனுடையது.

என்ன வேலை என்று கேட்டேன். தரணியும் கோபி என்கிற கூட்டாளியும் மெட்ராஸில் ஒரு பாஷை உண்டாக்கினார்களாம். கம்பைலர் என்று பேர் சொன்னாள்.

"மனுஷன் எழுதறது மெஷினுக்குப் புரியாது ஆயா. நடுவுல ஒரு ஆள் அதை மாத்திக் குடுக்கணும். துபாஷி மாதிரி."

"அதான் தரணியே செஞ்சு வெச்சுட்டானே. நீ இன்னா செய்யற?"

"அது மெதுவா போவுது. பெருசா எதாவது குடுத்தா மூச்சு முட்டுது. உள்ள எல்லாத்தையும் பிரிச்சுட்டுப் புதுசா கட்டறேன். வெளிய இருந்து பாத்தா எதுவும் தெரியாது. தீபாவளிக்குள்ள வெளியிடணும். இல்லனா ஆபீஸ மூடவேண்டியதுதான்."

"உள்ள அவன் எழுதினது?"

"இனிமே வேணாம். ஆனா விக்கற பெட்டி மேல அவர் பேருதான் ஆயா வரும்."

பெட்டி மேல் பேர். பெட்டிக்குள் ஆளைக் காணோம். இந்தத் தாளின் முன்பக்கம் இருப்பதுதான் அவன் எழுதினது. குப்பைக்குப் போக இருந்தது, நான் எடுத்து மடித்து வைத்தேன்.

மோர் புளித்துவிட்டது.

ஐப்பசி 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூட்டம். ராஜாக்கோட்டை மலை இருக்கிற இடமே தெரியவில்லை. துணி காயவில்லை. முட்டி வலி.

மதியம் வி. சந்தோஷமாக இருந்தாள். புதுசு தன்னைத்தானே மாற்றிக்கொண்டுவிட்டதாம். புதுத் துபாஷியைக் கொண்டே புதுத் துபாஷியைச் செய்தேன், இனிமேல் பழசின் தயவு வேண்டாம் என்றாள். அவள் பல் தெரியச் சிரித்தது இந்த வீட்டில் இதுவே முதல் தடவை. எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் நயினார் வீடு, சமணர். பொழுது சாய்ந்தால் எங்கள் பல்லில் எதுவும் படாது, நான் தண்ணீர்கூடத் தொடமாட்டேன். செஞ்சியில் பொழுது சாய்வது பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற நேரத்துக்கு இல்லை. மேற்கே மலை நிற்கிறது. சூரியன் ராஜாக்கோட்டைக்குப் பின்னால் போய், அதன் நிழல் தெருவைத் தாண்டி வந்து எங்கள் கிணற்று மேடையைத் தொட்டால் இலை போட்டாக வேண்டும், மேடையை மூடிவிட்டால் பொழுது போயிற்று. என் மாமியார் வைத்த கணக்கு. அக்கம்பக்கத்து நயினார் வீடுகளெல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் சாப்பிடுவார்கள். நாங்கள் இல்லை.

இன்று நிழலே இல்லை. ஊரே ஒரே சாம்பல். கிணற்றடியில் நின்று நேரம் ஆயிற்றா இல்லையா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அப்போது அறையில் டிங் என்று ஒரு சத்தம். பிறகு நாற்காலி கீழே விழுந்த சத்தம்.

போய்ப் பார்த்தேன். வி. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். டெலிவிஷன் கண்ணாடியில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிற பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிற மாதிரி. இங்கிலீஷ் எழுத்து.

"இன்னா எழுதியிருக்குது?"

"ஒண்ணுமில்ல ஆயா."

"ஒண்ணுமில்லாததுக்கா செவுத்துல ஒட்டிக்கினு நிக்கற? படி."

படித்தாள்.

"பொழுது எறங்குது ஆயா, எலையப் போடு."

அது தரணி வார்த்தை.

தரணி சின்னதில் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருப்பான். நான் வேலையில் மறந்துபோவேன். நிழல் கிணற்றுக்கு வந்ததும் ஓடிவந்து கத்துவான். இதே வார்த்தை, இதே வரிசை. நேரம் தப்பினால் அவனுக்கும்தான் சாப்பாடு கிடையாது.

இன்று சாப்பிடவில்லை. நேரம் தப்பிவிட்டது.

ஐப்பசி 4, புதன்

வெயில். காக்கை கத்தல். பால்காரன் தண்ணீர் கலக்குகிறான், கேட்டால் மாடு நனைந்துவிட்டது என்கிறான்.

வி. விடிந்ததிலிருந்து தாள்களைத் தரையில் பரப்பிப் படிக்கிறாள். அவள் எழுதின புதுசு முழுதும். நடக்க இடமில்லை, தாளை மிதிக்காமல் அடுப்படிக்குப் போவதற்குள் முட்டி போயிற்று.

"அந்த வரி இதுல எங்கயுமே இல்ல ஆயா. நான் எழுதவே இல்ல."

"அவன் எழுதினதுல?"

"அதுலயும் இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். மெட்ராஸ் ஆபீஸில் பழசு ஓடுகிற மெஷினில் எல்லாம் தினம் சாயங்காலம் அந்த வரி வருமாம். தரணி விளையாட்டுக்கு வைத்தது. அதைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து டிபன் டப்பாவைத் திறப்பார்களாம். வெளியே கொடுக்கிற சாமானில் இது இருக்கக் கூடாது என்று கோபி சொல்லி, தரணியும் எடுத்துவிட்டேன் என்றானாம். எழுத்தில் பார்த்தால் இல்லை. ஆனால் சாயங்காலம் வந்துகொண்டே இருந்தது. கேட்டால் சிரிப்பானாம். அதற்குள் பங்குனி வந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் எங்க யாருக்கும் புரியல. அது வர்ற நேரத்துல மெட்ராஸ்ல நல்லா வெயில் இருக்கும். எந்தக் கணக்குல வெச்சார்னே தெரியல. மாசத்துக்கு மாசம் வேற மாறும்."

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மெட்ராஸில் மலை ஏது?

மதியம் இன்னொன்று செய்தாள். அந்தப் பெட்டிக்குள் கடிகாரம் ஒன்று இருக்கிறதாம். அதைச் சாயங்காலத்துக்குத் திருப்பி வைத்தாள். உச்சிப்பொழுது, வாசலில் கண் கூசுகிறது, உள்ளே டிங். அதே வரி.

மறுபடி திருப்பினாள். மறுபடி வந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம். நேரங்கெட்ட நேரத்துல அவனக் கூப்டாத."

"இது அவரு இல்ல ஆயா. இது ஒரு பழக்கம். மெஷினுக்கு வந்த பழக்கம்."

"அப்ப இன்னாத்துக்கு நேத்து செவுத்துல ஒட்டிக்கினு நின்ன?"

கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாள்.

சாயங்காலம் அறை ஜன்னலில் நின்றேன். அங்கிருந்து கிணறு தெரியும். நிழல் வாழை மரத்தைத் தாண்டியது, துவைக்கிற கல்லைத் தாண்டியது. மேடையைத் தொட்டது. முதுகுக்குப் பின்னால் டிங். திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் இலையைப் போட்டுக்கொண்டேன். மொச்சைக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி 6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டாயிற்று.

இரண்டு நாளாக இலையை அந்த அறையிலேயே போட்டுக்கொள்கிறேன். வரி வந்ததும் முதல் வாய். நேற்று வி. குளிக்கப் போயிருந்தபோது அதனிடம், எங்கேடா இருக்கிறாய் என்று கேட்டேன். பச்சைக் கட்டம் சிமிட்டியது. எப்போதும் சிமிட்டுவதுதான். ஆனாலும் நான் கேட்ட பிறகு ஒரு சிமிட்டு தாமதமாக வந்த மாதிரி இருந்தது. சுவரில் தரணி படத்துக் கண்ணாடியிலும் அந்தப் பச்சை விழுகிறது, சரியாகக் கழுத்துக்கு நேராக.

இன்று வி. கண்டுபிடித்துவிட்டாள்.

அடுப்படிக்கு வந்து, நான் பாலுக்கு உறை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆயா, இந்த உறை நேத்துத் தயிர்தானே?"

"ஆமா."

"நேத்துத் தயிருக்கு?"

"முந்தாநாள் தயிரு. இன்னா கேள்வி இது?"

"பானையத் தேய்ச்சுக் கழுவி, வேற மாட்டுப் பால வாங்கி, எல்லாத்தையும் புதுசா வெச்சாலும் அந்தப் புளிப்பு வந்துடுது இல்ல? அதான் நடந்துருக்குது. புதுசை உண்டாக்க முதல்ல பழசைத்தான் ஊத்தினேன். வேற வழியே கிடையாது. அதுல இருந்தது இதுல வந்துடுச்சு. எங்கயும் எழுதியிருக்காது. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போய்க்கினே இருக்கும்."

கேட்டதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். என் உறை என் மாமியார் கொடுத்தது. என்னை அடுப்படியில் வைத்து அழவைத்தவள். அவள் போய் எத்தனை வருஷம். அவள் புளிப்பை நான் தினம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எதைப் பாத்தாலும் அது போய் ஒட்டிக்காது ஆயா. அவர் அதுக்கு ஒரு அடையாளம் சொல்லி வெச்சிருக்கார். கம்பைலர் ஓட ஆரம்பிக்கிற இடம், வாசல் மாதிரி. அதுக்கு அவர் வெச்ச பேரு ஆயா. அந்தப் பேரப் பாத்தா உள்ள பூந்துக்கும். உள்ள எல்லாத்தையும் நான் மாத்தினேன். அந்தப் பேர மட்டும் மாத்த மனசு வரல. அப்டியே விட்டேன். அந்த வழியா வந்துடுச்சு."

"வரட்டுமே. நல்லதுதானே."

"பேர எடுத்துட்டா வராது. எடுக்கணும்."

அதற்குப் பிறகு வந்தது சண்டை. எழுதி வைக்கிறேன்.

"ஒரு தடவ எரிச்சது போதாதா? இன்னொரு தடவ எரிக்கணுமா உனக்கு?"

"ஆயா..."

"நீ செய்வ. பங்குனியில நீ செஞ்சது எனக்கு மறந்துடும்னு நெனைக்காத."

அன்று அவள் நாலு நாள் இருந்துவிட்டுப் போக இங்கே வந்திருந்தாள். காதர் பாய் வீட்டு ஃபோனுக்கு மதியம் சேதி வந்தது. போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முகத்தைக் கழுவினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிழல் கிணற்றுக்கு வந்ததும் வாசற்படியில் நின்று, பொழுது எறங்குது ஆயா, எலையப் போடு என்றாள். அவன் வார்த்தையை இவள் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. சாப்பிட்டேன். கத்திரிக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அவனைத் தரையில் கிடத்தியிருக்கிறார்கள், நான் இங்கே பொரியல் கேட்டிருக்கிறேன். கை கழுவின பிறகுதான் சொன்னாள்.

இதை முழுதும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இத்தனை நாள் வைத்திருந்தது.

வி. அழவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன் ஆயா. அவர் போயிட்டார்னு சொல்லத்தான் படியில வந்து நின்னேன். நான் சொல்ல வந்தது வேற. வாயில வந்தது அது. எப்டி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அந்த வார்த்தைய அவர் என்கிட்ட சொன்னதுகூட இல்ல. மெஷின்ல பாத்ததுதான்."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அப்படித் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஐப்பசி 7, சனி

அவள் சமையல் அவளுக்கு, என் சமையல் எனக்கு. அவள் வெங்காயம் வதக்குகிற வாசனை. தரணி இருந்தவரைக்கும் இந்த வீட்டில் வெங்காயம் உரித்ததில்லை.

காதர் பாய் மதில் மேல் தலையை நீட்டினார்.

"பெரியம்மா, உங்க வூட்டுப் பொண்ணுக்கு டிரங்க் கால். மெட்ராஸ். லைன்ல நிக்கறாங்க, சீக்கிரம்."

"மதிலு கொஞ்சம் அந்தாண்ட தள்ளி இருந்தா நீ எக்கியிருக்க வேணாம்."

"அல்லாவே. இன்னும் அத விடலயா நீங்க?"

நானும் கூடப் போனேன். கூப்பிடவில்லை, போனேன். புதுசிலும் அந்த வரி வருகிறது என்று வி. சொன்னதும் கோபி கத்துவது ஃபோனுக்கு வெளியே கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற சாமான் இது விமலா! நோயாளிங்க பில்லுல பொழுது எறங்குதுன்னு அடிச்சு வந்தா என்னாவறது? நெனச்சுப் பாத்தியா?"

வி. கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "எடுத்துடறேன்" என்றாள். அவ்வளவுதான்.

பாயின் சம்சாரம் டீ கொண்டுவந்தாள். நிழல் இன்னும் தெருவுக்கே வரவில்லை, குடித்திருக்கலாம். குடிக்கவில்லை. திரும்பி வரும்போது பாய் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு இந்த ஃபோன்ல சேதி கேட்டதும் அந்தப் பொண்ணு இங்கயே விழுந்துடுச்சு, தெரியுமா பெரியம்மா? என் வூட்டுக்காரி தண்ணி தெளிச்சு எழுப்புனா. எழுந்ததும் கேட்ட மொத பேச்சு, ஆயா சாப்டாங்களான்னுதான்."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்க பேசவுட்டீங்க? மதிலப் பத்தியே பேசிக்கினு இருந்தா?"

யோசிக்க வேண்டியது. யோசிக்கவில்லை. சாயங்காலம் வரி வந்தது. சாப்பிட்டேன். உப்புப் போட மறந்திருக்கிறேன்.

ஐப்பசி 9, திங்கள்

விடிகாலையிலேயே கரண்ட் வந்துவிட்டது. வி. அதற்கு முன்பே எழுந்து தலைக்குக் குளித்திருந்தாள்.

என்னைக் கூப்பிட்டாள். "ஆயா, பக்கத்துல இருங்க. நீங்க இல்லாதப்ப செய்யக் கூடாது."

அவன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தேன்.

பச்சை எழுத்து ஓடியது. ஒரு இடத்தில் நிறுத்தினாள். விரலால் தொட்டுக் காட்டினாள். மூன்று எழுத்து. இங்கிலீஷில் என்னை அப்படித்தான் எழுதுவார்களாம். எனக்கு அந்த மூன்றும் மூன்று குச்சிகள் மாதிரி தெரிந்தன.

"இதான் நீங்க."

"இதுக்கு பதிலா இன்னா வெப்ப?"

"சும்மா, ஆரம்பம்னு."

பேர் போயிற்று. சத்தம் இல்லை. மூன்று குச்சி இருந்த இடத்தில் வேறு குச்சிகள். பழசைக் கொண்டு ஒரு தடவை, அதில் வந்ததைக் கொண்டு இன்னொரு தடவை மாற்றினாள். இரண்டாவதில் பழசின் புளிப்பு இருக்காது என்றாள். பெட்டிக்குள் என்னவோ கரகரவென்று அரைத்தது. வெகுநேரம். அதற்குள் நான் எழுந்து போய்ப் பால் வாங்கி வந்தேன்.

கடிகாரத்தைச் சாயங்காலத்துக்குத் திருப்பினாள். இரண்டு பேரும் காத்திருந்தோம். பச்சைக் கட்டம் மட்டும் சிமிட்டியது.

மறுபடி திருப்பினாள். இல்லை.

ஃப்ளாப்பி என்கிற சதுரத் தட்டுகளில் பிடித்து, அட்டை வைத்துக் கட்டி, காதர் பாய் மச்சான் மெட்ராஸ் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். மதியத்துக்கு மேல் கோபி கைக்குப் போய்விடும். திரும்பி வந்து தாள்களை அடுக்கினாள், மெஷினை நிறுத்தினாள், அதன் மேல் துணியைப் போட்டாள். அவனைப் போர்த்தின மாதிரியே இருந்தது.

சாயங்காலம். மூட்டம் இல்லை. நான் கிணற்றடியில், அவள் பின்கட்டுப் படியில். நிழல் வாழையைத் தாண்டியது. துவைக்கிற கல்.

அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததை நான் பார்க்கவில்லை.

நிழல் மேடையைத் தொட்டது. உள்ளே சத்தம் இல்லை. ஊரிலும் எந்தச் சத்தமும் இல்லை, கோட்டைப் பக்கம் எப்போதும் கத்துகிற குரங்குகள்கூட அடங்கிவிட்டன. அப்படி ஒரு அமைதியை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை. காது அடைத்துப்போயிற்று. காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இனிமேல் என் காதுபட அந்த வார்த்தையை அவள் சொல்லமாட்டாள்.

சாப்பிட வாடி என்று சொல்லத்தான் நினைத்தேன். அதுவும் அதட்டலாக. வாயில் வந்தது:

"பொழுது எறங்குது ஆயா, எலையப் போடு."

என் வாய்தான். என் குரல் இல்லை. சின்னப் பையன் ஓடிவந்து மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. நானே என்னை ஆயா என்று கூப்பிடுவேனா?

வி. எழுந்து என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு இலை போட்டாள். வெங்காயம் இல்லாமல் சமைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

கத்திரிக்காய்ப் பொரியல். இரண்டாம் தடவை கேட்டேன். போட்டாள்.

ஐப்பசி 10, செவ்வாய்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது. பால்காரன் இன்று திக்கான பால் கொடுத்தான், காரணம் தெரியவில்லை. உறை ஊற்றும்போது மாமியார் ஞாபகம்.

மதியத்துக்கு மேல் டிரங்க் கால். இந்தத் தடவை நான் போகவில்லை. வி. போய்விட்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"இன்னா ஆச்சு?"

"சுத்தமா இருக்குதாம் ஆயா. ஒரு வரி கூட வரலயாம். வேகமாவும் போவுதாம். ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துட்டு சரின்னுட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி பணமும் தராங்களாம்."

"அப்ப சந்தோஷந்தானே. மூஞ்சி ஏன் அப்டி இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"விமலா."

உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல எல்லா மெஷின்லயும் புதுசு போட்டுட்டாங்க. அந்த நேரம் வந்துச்சு. ஸ்கிரீன்ல எதுவும் வரல. ஆனா எல்லாரும் எழுந்துட்டாங்களாம் ஆயா. யாரும் யாரையும் கூப்டல. எழுந்து போய் டிபன் டப்பாவத் தொறந்துட்டாங்க. கோபி கையில மூடியோட நிக்கறப்பதான் அவருக்கே உறைச்சுதாம். கடிகாரத்தப் பாத்தா சரியா அதே நேரம்."

"வருஷக்கணக்கா பழகினது. கை தானா போயிருக்கும்."

"நானும் அதான் சொன்னேன். போன வாரம் புதுசா ரெண்டு பேரு சேர்ந்திருக்காங்க. அவங்க உக்காந்திருந்த மெஷின் மொதல்ல இருந்தே வேற வேலைக்கு வெச்சது. அந்த வரியப் பாத்ததே கிடையாது. அப்டி ஒண்ணு இருக்குதுன்னு யாரும் அவங்ககிட்ட சொன்னதும் இல்ல."

"சரி?"

"அவங்கதான் மொதல்ல எழுந்தாங்களாம்."

அவள் தரணியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷின் நிறுத்தினபடியே துணிக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கதவையும் சாத்தியிருக்கிறாள், உள்ளிருந்து கிணறு தெரியாது.

இதைக் கிணற்றடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாழையைத் தாண்டிவிட்டது. இன்று நான் கூப்பிடப் போவதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். துவைக்கிற கல். மேடை.

உள்ளே நாற்காலி நகர்கிறது.